பெயர் மாறும் கிளப், இடம் மாறும் மைதானம்: இந்தச் செய்திகளை எங்கிருந்து படிப்பது?

2025இல் ஹைதராபாத் எஃப்.சி. டெல்லிக்குப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஐ.எஸ்.எல். என்ற இந்தியக் கால்பந்து லீக்கைப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய குழப்பம். 2021–22 சீசனில் கோப்பை வென்றது ஹைதராபாத். அந்தக் கோப்பை இப்போது யாருடையது? ஹைதராபாத்தில் அந்த அணிக்காகத் தொண்டை கட்டக் கத்தியவர்கள் இனி யாருக்காகக் கத்துவது? அந்த ஹைதராபாத்தே 2019இல் மூடப்பட்ட புனே சிட்டி அணியின் இடத்தில் வந்ததுதானே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?

டெல்டாவில் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் ஒரு வயலைக் கேட்டு வாங்கி, தாளை வெட்டி, மேடு பள்ளத்தை நிரவி, சுண்ணாம்புக் கோடு போட்டு, மூங்கிலில் கோல் கம்பம் நட்டு, ஜெனரேட்டர் வைத்து மின்னொளியில் எழுவர் தொடர் நடத்துவார்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தால் அதே இடம் நாற்றங்காலாகிவிடும். அடுத்த வருஷம் வேறு வயல். பனியனின் முதுகில் போன வருஷம் உரக்கடை பெயர் இருந்தது, இந்த வருஷம் பாத்திரக்கடை பெயர் இருக்கிறது. மைதானமும் மாறுகிறது, ஸ்பான்சரும் மாறுகிறது. ஆனாலும் அணி மாறிவிட்டதாக ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. ஆடுகிறவர்களும் ஊர்ப் பிள்ளைகள், கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்களும் ஊர்க்காரர்கள்.

தொழில்முறை கிளப் அப்படி இல்லை. பயிற்சியாளர் ஸ்பெயினிலிருந்து வந்திருப்பார், கோல் அடிப்பவர் பிரேசில்காரராக இருப்பார், தடுப்பாட்டக்காரர் மிசோரம் பையனாக இருப்பார். அப்படிப்பட்ட அணியை ஓர் ஊரோடு கட்டிவைப்பவை பெயரும் மைதானமும்தான். அந்த இரண்டும் ஒரே சீசனில் ஆட்டம் கண்டால் பார்க்கிறவனுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது.

## ஒரு கிளப்பின் நான்கு பாகங்கள்

குழப்பத்துக்குக் காரணம், நான்கு வெவ்வேறு சொத்துகளை நாம் ஒன்றாக நினைத்துக்கொள்வது. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பாதிச் செய்தி தெளிந்துவிடும்.

1. நிறுவனம். கிளப்புக்குப் பின்னால் பதிவு செய்யப்பட்ட ஒரு கம்பெனி இருக்கிறது. வீரர்களோடு ஒப்பந்தம் போடுவது, சம்பளம் கொடுப்பது, கடன் வாங்குவது எல்லாம் அதன் பெயரில் நடக்கும். பங்குகள் கைமாறினால் உரிமையாளர் மாறுவார், கம்பெனி தொடரலாம்.

2. லீக்கில் ஓர் இடம். ஐ.எஸ்.எல்., அமெரிக்காவின் எம்.எல்.எஸ். போன்ற லீக்குகளில் இத்தனை அணிகள்தான் என்று ஒரு கணக்கு உண்டு. அதில் ஆடுகிற உரிமை தனிச் சொத்து. ஓர் அணி விலகினால் அதன் இடத்தில் இன்னொருவர் வரலாம். அதோடு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிம விதிகள் இருக்கின்றன. விளையாட்டு, உள்கட்டமைப்பு, பணியாளர் நிர்வாகம், சட்டம், நிதி என்று ஐந்து தலைப்புகளில் கிளப் தேற வேண்டும்.

3. அடையாளம். பெயர், லோகோ, ஜெர்சி நிறம், பட்டப்பெயர். சட்டப்படி இவை கம்பெனியின் வணிகக் குறிகள். மனதளவில் இவை ரசிகர்களுடையவை. சண்டைகள் அதிகம் வெடிப்பது இங்கேதான்.

4. மைதானம். இந்தியாவில் பெரும்பாலான கிளப்புகளுக்குச் சொந்த மைதானம் கிடையாது. சென்னையின் எஃப்.சி. ஆடும் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. கொல்கத்தாவின் சால்ட் லேக், புவனேஸ்வரின் கலிங்கா எல்லாம் மாநில அரசுகளுடையவை. டாடா நிறுவனத்தின் மைதானத்தில் ஆடும் ஜாம்ஷெட்பூர் மாதிரியானவை விதிவிலக்கு. ஆக, மைதானம் என்பது நம் நாட்டில் அநேகமாக ஒரு வாடகை ஒப்பந்தம்.

இந்தப் பட்டியலில் ரசிகர்கள் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்கில் எதற்கும் அவர்கள் கையெழுத்து தேவைப்படுவதில்லை. ஜெர்மனி மாதிரிச் சில நாடுகளில் மட்டும் நிலைமை வேறு. அங்கே ஐம்பது கூட்டல் ஒன்று என்று ஒரு விதி இருக்கிறது. கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும், பணம் போட்டவர் தனியாக முடிவெடுக்க முடியாது.

பெயர் மாற்றச் செய்தி வந்தால் எல்லோரும் பெயரைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் ஓர் அணி ஓர் ஊரில் தங்குமா, போகுமா என்பது பெரும்பாலும் நான்காவது பாகத்தில், அதாவது மைதானத்தின் ஒப்பந்தத்தில் முடிவாகிறது. பெயரை ஒரே வாரத்தில் மீட்ட ஊர் உண்டு. மைதானத்தை மீட்க 29 வருஷம் ஆன ஊரும் உண்டு.

## கொலம்பஸ், 2021: எல்லாமே ஒரே சீசனில்

பெயர் மாற்றமும் மைதான மாற்றமும் ஒரே சீசனில் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத் தலைநகரான கொலம்பஸை விட நல்ல உதாரணம் இல்லை.

1996இல் எம்.எல்.எஸ். தொடங்கியபோதே ஆடிய அணிகளில் ஒன்று கொலம்பஸ் க்ரூ. 1999இல் அது கட்டிக்கொண்ட மைதானம், கால்பந்துக்கென்றே அந்த லீக்கில் எழுந்த முதல் மைதானம். மற்ற அணிகள் அமெரிக்கன் ஃபுட்பாலுக்காகக் கட்டிய பெரிய அரங்குகளில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. க்ரூவின் பழைய லோகோவில் கட்டட வேலைக்காரர்களின் தலைக்கவசம் அணிந்த மூன்று ஆண்கள் நிற்பார்கள். உழைக்கிற ஊரின் அணி என்று அதை அந்த ஊர் எடுத்துக்கொண்டது.

2017 அக்டோபரில், அப்போதைய உரிமையாளர் ஆன்டனி பிரிகோர்ட், ஊர் மையத்தில் புது மைதானம் அமையாவிட்டால் அணியை டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று அறிவித்தார். ஆஸ்டினுக்கு மாறிக்கொள்ள வழிவிடும் ஒரு ஷரத்து, அவர் 2013இல் கிளப்பை வாங்கியபோதே ஒப்பந்தத்தில் இருந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், வீட்டு வாசல்களில் பலகை வைத்தார்கள். ஆனால் போக்கைத் திருப்பியதில் ஒரு சட்டத்துக்கும் பெரிய பங்கு இருந்தது.

1995இல் ஆர்ட் மோடல் என்பவர் தன் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸைப் பால்டிமோருக்குக் கொண்டுபோகிறேன் என்று அறிவித்தார். அந்த அடியில் பாடம் கற்ற ஒஹையோ, 1996இல் ஒரு சட்டம் போட்டது. அதை மோடல் சட்டம் என்றே சொல்கிறார்கள். வரிப்பணத்தின் உதவி பெற்ற மைதானத்தில் ஆடும் தொழில்முறை அணி வேறு ஊருக்குப் போக வேண்டுமானால், ஒன்று உள்ளாட்சியின் சம்மதம் வாங்க வேண்டும், இல்லையென்றால் 6 மாத முன்னறிவிப்பு கொடுத்து, அந்தக் காலத்தில் உள்ளூர்க்காரர்கள் அணியை வாங்க வாய்ப்புத் தர வேண்டும். க்ரூவின் மைதானம் நின்றது மாநிலத்துக்குச் சொந்தமான பொருட்காட்சித் திடலில். 2018 மார்ச்சில் மாநில அரசும் நகர நிர்வாகமும் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டன. வழக்கு இழுத்த நேரத்தில் உள்ளூரில் வாங்குவதற்கு ஆள் சேர்ந்தது. ஹாஸ்லம், எட்வர்ட்ஸ் என்ற இரு குடும்பங்கள். எட்வர்ட்ஸ் பல வருஷம் அந்த அணியின் மருத்துவராக இருந்தவர். 2019 தொடக்கத்தில் கிளப் அவர்கள் கைக்கு வந்தது. பிரிகோர்ட் ஆஸ்டினில் புதிதாக வேறோர் அணியைத் தொடங்கினார்.

வழக்குக்குக் கால் வைக்க இடம் கொடுத்தது பெயரோ லோகோவோ இல்லை. பொது நிலத்தில் நின்ற மைதானம்தான்.

2020 டிசம்பர் 12 அன்று, போயிருக்க வேண்டிய அந்த அணி தன் பழைய மைதானத்திலேயே சியாட்டிலை 3–0 என்று தோற்கடித்து லீக் கோப்பையை வென்றது. சாம்பியனாக நுழைந்த 2021 சீசனில்தான் நாம் பேச வந்த விஷயம் நடந்தது.

மே மாதம் 10ஆம் தேதி, கிளப் தன் பெயரைக் கொலம்பஸ் எஸ்.சி. என்று மாற்றுவதாகவும் புது லோகோ வருவதாகவும் அறிவித்தது. க்ரூ என்பது இனி பட்டப்பெயர் மட்டும். எந்த ரசிகர்கள் கிளப்பை ஊரில் தங்கவைத்தார்களோ, அவர்களிடம் கேட்காமல் வந்த அறிவிப்பு. நார்டெக் என்ற ரசிகர் கூட்டம் உடனே எதிர்த்தது. ஏறக்குறைய ஒரே வாரத்தில் நிர்வாகம் அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவைத் திரும்பப் பெற்றது. பெயர் கொலம்பஸ் க்ரூ என்றே நின்றது. புது லோகோவிலும் க்ரூ என்ற சொல் ஏறியது.

ஜூன் 19 அன்று பழைய மைதானத்தில் கடைசி ஆட்டம். ஜூலை 3 அன்று ஊர் மையத்தில், 30 கோடி டாலருக்கு மேல் செலவான புது மைதானத்தின் முதல் ஆட்டம். நியூ இங்கிலாந்துடன் 2–2 சமன். இந்த இடமாற்றத்தை ரசிகர்கள் எதிர்க்கவில்லை. வரவேற்றார்கள். மைதானம் மாறினாலும் அதே ஊர், இன்னும் நெருக்கமான இடம், பழைய மைதானமும் இடிபடாமல் அணியின் பயிற்சிக் களமாகத் தொடர்ந்தது.

ஆட்டக் களத்தில் அந்த வருஷம் சுமார்தான். கிழக்குப் பிரிவில் 9ஆம் இடம். முதல் 7 அணிகளுக்கே அடுத்த சுற்று, அதனால் நடப்புச் சாம்பியன் வெளியே நின்றது. இடமாற்றம்தான் காரணம் என்று நேராகக் கோடு போட முடியாது. வீரர்களின் காயங்கள், தேசிய அணிக்குப் போனவர்கள் என்று நிறைய இருந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2023இல், அதே புது மைதானத்தில் மறுபடியும் லீக் கோப்பை வந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். மைதானத்தின் பெயர் மாறுவது வேறு கதை. அதற்குப் பெயருரிமை என்று பெயர். ஒரு கம்பெனி சில வருஷத்துக்குப் பணம் கட்டித் தன் பெயரை மைதானத்துக்குச் சூட்டிக்கொள்ளும். கொலம்பஸின் புது மைதானம் ஒரு கம்பெனி பெயரில் திறந்து, 2025இல் இன்னொரு கம்பெனி பெயருக்கு மாறியது. செங்கல்லோ புல்லோ எங்கும் நகரவில்லை. தலைப்பில் மைதானப் பெயர் மாற்றம் என்று வந்தால் பதற வேண்டியதில்லை.

## ஒடிசா, 2019–20: ஊர் வந்தது, மைதானம் தயாராக இல்லை

நம் நாட்டில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு சீசன் நடந்திருக்கிறது. 2014 முதல் ஐ.எஸ்.எல்.லில் ஆடிய டெல்லி டைனமோஸ், 60,000 பேர் உட்காரும் தலைநகரின் நேரு அரங்கத்தை நிரப்ப முடியாமல் தவித்த அணி. 2019 ஆகஸ்ட் இறுதியில் அது புவனேஸ்வருக்கு மாறுவதாகவும், பெயர் இனி ஒடிசா எஃப்.சி. என்றும் அறிவிப்பு வந்தது. அக்டோபரில் சீசன் தொடக்கம். இரண்டு மாதம்கூட இல்லை. பயிற்சியாளர் ஜோசப் கொம்பாவ் டெல்லியிலிருந்தே வந்தவர். நான்கு பாகங்களில் நிறுவனமும் லீக் இடமும் தொடர்ந்தன. அடையாளமும் மைதானமும் முழுசாக மாறின.

ஏன் ஒடிசா? மாநில அரசு விளையாட்டில் பணமும் கவனமும் போட்டுக்கொண்டிருந்தது. இந்திய ஹாக்கி அணிகளுக்கே அந்த மாநிலம்தான் ஸ்பான்சர். கையில் கலிங்கா அரங்கம் இருந்தது, அதில் ஆட ஊர் பெயரில் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணி இல்லை. இங்கேயும் மைதானம்தான் அணியை இழுத்தது.

ஆனால் சீசன் தொடங்கும்போது கலிங்காவில் வேலை முடியவில்லை. 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒடிசா எஃப்.சி. தன் முதல் மூன்று ‘சொந்த ஊர்’ ஆட்டங்களைப் புனேயின் பாலேவாடியில் ஆடியது. அதே வருஷம் மூடப்பட்ட புனே சிட்டி அணி விட்டுப்போன மைதானம். அங்கே ஒரு வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. டிசம்பர் 27 அன்று கலிங்காவுக்கு வந்தார்கள். ஜாம்ஷெட்பூரை 2–1 என்று வென்றார்கள். அடுத்து அங்கே வந்த சென்னையின், மும்பை இரண்டுமே தோற்றுத் திரும்பின. 18 ஆட்டங்களில் 25 புள்ளி, 10 அணிகளில் 6ஆம் இடம். முந்தைய டெல்லி சீசனை விட நல்ல நிலை.

இதிலிருந்து புவனேஸ்வரின் புல்லில் மந்திரம் இருந்தது என்று முடிவு கட்டக் கூடாது. ஆறு ஆட்டம் என்பது சின்னக் கணக்கு. ஆனால் ஓர் அணி தன் வீட்டுப் படுக்கையில் தூங்கி, பயணம் இல்லாமல், தன்னைக் கூப்பிட்டுக் கத்தும் கூட்டத்தின் முன்னால் ஆடுவது சும்மா இல்லை. அடுத்த சீசன், 2020–21, கொரோனாவால் முழுக்க கோவாவில் பூட்டிய கதவுகளுக்குள் நடந்தது. ஒடிசா கடைசி இடம்.

அவசர இடமாற்றத்துக்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, சென்னையின் எஃப்.சி. தன் சொந்த ஊர் அரையிறுதியைப் பாலேவாடிக்குக் கொண்டுபோய் ஆடி, கொல்கத்தாவை 3–0 என்று வென்று, கோவாவில் இறுதியிலும் ஜெயித்தது. அதை யாரும் இடப்பெயர்ச்சி என்று சொல்லவில்லை. திரும்பி வரப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இடமாற்றச் செய்தியில் முதலில் தேட வேண்டிய தகவல் அதுதான்: திரும்பும் தேதி இருக்கிறதா?

## பெயர் சென்னை, வீடு கோவை

தமிழ்நாட்டு வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய இன்னொரு கிளப் சென்னை சிட்டி எஃப்.சி. 2016–17இல் ஐ லீக் என்ற இன்னொரு தேசியக் கால்பந்து லீக்கில் நுழைந்தது. சென்னையில் ஏற்கெனவே சென்னையின் எஃப்.சி. நிலைத்துவிட்டது. சென்னை சிட்டி கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்துக்குப் போனது. பெயரில் சென்னை அப்படியே இருந்தது.

அப்புறம் நடந்தது கோவைக்காரர்கள் மறக்காத ஒன்று. 2019 மார்ச் 9 அன்று, சொந்த மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, ஐ லீக் பட்டத்தைத் தூக்கினார்கள். அந்த வருஷமே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அதில் பங்கு வாங்கியது. ஆனால் 2020–21 ஐ லீக் முழுக்கக் கொல்கத்தா வட்டாரத்திலேயே நடந்தது, கோவையில் ஆட்டம் இல்லை. 2021–22 சீசனில் கிளப்பே லீக்கில் இல்லை. பட்டம் வென்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

பெயரில் கோவை இல்லாததால்தான் அது கரைந்தது என்று சொல்ல மாட்டேன். பணம், உரிமம், நிர்வாகம் எல்லாம் சேர்ந்தது. ஆனால் மைதானம் ஓர் ஊரிலும் பெயர் இன்னோர் ஊரிலும் இருந்த அணி தடுமாறும்போது, இது எங்கள் சொத்து என்று எந்த ஊரும் எழுந்து நிற்கவில்லை என்பது உண்மை.

கொல்கத்தாவில் நேர் எதிர்க் கதை. 1889இல் தொடங்கிய மோகன் பகான் 2020இல் அதே ஊரின் ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே.யோடு இணைந்து ஏ.டி.கே. மோகன் பகான் ஆனது. மைதானம் மாறவில்லை, ஊர் மாறவில்லை, அந்த மூன்று எழுத்து மட்டும் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் அதை எடு, எடு என்று மூன்று வருஷம் விடாமல் கேட்டார்கள். 2023இல் எடுத்தார்கள். பெயர்ச் சண்டையில் ரசிகர் ஜெயிக்க முடியும், அவர்கள் மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் வரை.

## விம்பிள்டன்: மைதானம் முதலில் போனது

லண்டனின் விம்பிள்டன் எஃப்.சி. 1988இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற சின்ன அணி. 1991இல் அது தன் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறி, கிரிஸ்டல் பேலஸ் அணியின் மைதானத்தில் வாடகைக்கு ஆடத் தொடங்கியது. தற்காலிகம் என்றார்கள். திரும்பும் தேதி இல்லை. பதினோரு வருஷம் கழித்து, 2002 மே மாதம், சுமார் 90 கி.மீ. தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்கு அணி போகலாம் என்று ஒரு குழு அனுமதித்தது. 2003இல் போனது. 2004இல் பெயரும் எம்.கே. டான்ஸ் ஆனது. வரிசையைப் பாருங்கள்: முதலில் மைதானம், பிறகு ஊர், கடைசியில்தான் பெயர்.

1928இல் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குப் போனபோது, வேலையோடு சேர்ந்து தொழிலாளர்களும் குடும்பங்களும் அங்கே போனார்கள். ரசிகர்கள் அப்படிப் போக முடியாது. விம்பிள்டன் ரசிகர்கள் போகவும் மறுத்தார்கள். 2002லேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கி, இங்கிலாந்தின் ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஏறி, 2011இல் தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள். 2020 நவம்பரில் பிளவ் லேன் தெருவிலேயே புது மைதானத்தில் ஆடினார்கள். அந்த 29 வருஷக் கணக்கு இதுதான். பழைய கோப்பைகளை எம்.கே. டான்ஸ் 2007இல் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட்டது.

ஹைதராபாத் கோப்பைக் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. பதிவேட்டில் வெற்றி அன்றைய பெயரிலேயே நிற்கும். நிறுவனம் தொடர்ந்தால் அதை எங்கள் வரலாறு என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் தடுக்காது. ஆனால் அந்த வரலாற்றைக் கொண்டாடும் ஆட்கள் பழைய ஊரில் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், 2022 கோப்பை ஹைதராபாத்காரர்களுடையது.

## உரிமையாளர்கள் ஏன் நகர்கிறார்கள்?

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. டிக்கெட், ஸ்பான்சர், ஒளிபரப்புப் பங்கு, வீரர் விற்பனை என்று வரும் பணம் செலவை எட்டாதபோது, வாடகை குறைந்த மைதானமோ, ஆதரவு தரும் அரசோ, கூட்டம் வரும் ஊரோ கிடைத்தால் நகர்வார்கள். நஷ்டத்தில் கிளப்பை இழுத்துக்கொண்டிருப்பவரை வில்லனாக்குவதில் பயனில்லை. மூடுவதை விட நகர்வது மேல் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவெடுத்த பிறகு அறிவிப்பதை ஏற்க முடியாது. இங்கிலாந்து 2025இல் கொண்டுவந்த கால்பந்து ஆளுகைச் சட்டப்படி, மைதானத்தை விற்கவோ ஊர் மாறவோ கிளப்புகள் ஓர் ஒழுங்காற்று அமைப்பின் அனுமதியைப் பெற வேண்டும். விம்பிள்டனுக்குப் பிறகு அந்த நாடு இவ்வளவு தூரம் வர 20 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

## திருச்சிக்கோ தஞ்சைக்கோ ஒரு கிளப் வந்தால்

டெல்டாவிலிருந்து தொழில்முறைக் கால்பந்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். மன்னார்குடியிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போய், ராத்திரி பஸ்ஸில் திரும்ப வேண்டும். அதனால் திருச்சிக்கு ஓர் அணி வரப்போகிறது என்று யாராவது என்றாவது அறிவித்தால் நாம் துள்ளிக் குதிப்போம். குதிக்கலாம். குதிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

1. நான்கில் எது வருகிறது? கம்பெனியும் அலுவலகமும் பயிற்சிக் களமும் இளையோர் அணிகளும் வருகின்றனவா, இல்லை வருஷத்தில் சில ஆட்டங்களுக்கு மட்டும் பஸ்ஸில் வந்து ஆடிவிட்டுப் போவார்களா? இளையோர் அணி வந்தால் பொன்மலைப் பையனுக்கும் பட்டுக்கோட்டைப் பையனுக்கும் ஒரு வாசல் திறக்கும். வெறும் ஆட்டம் மட்டும் வந்தால் டிக்கெட் விற்பனை மட்டும்தான்.

2. மைதானத்தை ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் என்ன ஆவார்கள்? திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்திலும் தஞ்சை அன்னை சத்யா விளையாட்டரங்கத்திலும் மாவட்டத்துப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், பள்ளிகளுக்கிடையேயான போட்டிகள் நடக்கின்றன. தொழில்முறை ஆட்டத்துக்கு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலத்தில் பராமரித்த புல் வேண்டும். அந்தப் புல்லைக் காப்பாற்ற வாரக்கணக்கில் மைதானத்தைப் பூட்டுவார்கள். மாற்று இடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

3. ஆட்டம் எத்தனை மணிக்கு? மாலை 7.30க்குத் தொடங்கினால் முடிய ஒன்பதரை ஆகும். திருவாரூர்க்காரரும் நாகப்பட்டினத்துக்காரரும் அதற்குப் பிறகு பஸ் பிடித்து வீடு சேர வேண்டும். டெல்டாவின் அணி என்று பெயர் வைத்துவிட்டுத் திருச்சி மாநகராட்சிக்குள் இருப்பவர் மட்டும் பார்க்க முடிந்தால் அது திருச்சியின் அணிதான். கடைசிப் பேருந்துக்குக் கிளப்பும் போக்குவரத்துக் கழகமும் சேர்ந்து ஏற்பாடு செய்வது பெரிய விஷயமில்லை, முதலிலேயே கேட்டால்.

4. பெயர், லோகோ, நிறம் யார் கையில்? மாற்றுவதற்கு முன் பதிவு செய்த ரசிகர் மன்றங்களோடு கலந்து பேச வேண்டும் என்று ஒரு வரி கிளப்பின் விதிகளில் இருக்கட்டும். கொலம்பஸில் மே மாதம் நடந்த கூத்து அப்படி ஒரு வரி இல்லாததால் வந்தது.

5. போகும்போது என்ன விதி? இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். இந்த மைதானங்கள் வரிப்பணத்தில் கட்டியவை, அரசின் ஆணையம் வாடகைக்கு விடுபவை. ஒஹையோவுக்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. நமக்கு முதல் படியாக வாடகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து போதும்: அணி வேறு ஊருக்குப் போக நினைத்தால் 6 மாதம் முன்னதாகப் பொதுவில் அறிவிக்க வேண்டும், அந்தக் காலத்தில் உள்ளூரில் வாங்க முன்வருபவரோடு பேச வேண்டும், புதுப்பிப்புக்கு அரசு போட்ட பணத்தில் மீதி வருஷக் கணக்குக்குரிய பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் முன்னால் இதைக் கேட்டால் எந்த உரிமையாளரும் முகம் சுளிக்க மாட்டார், நாலைந்து வருஷம் தங்கப்போகிறேன் என்று அவரே அப்போது சொல்லிக்கொண்டிருப்பார். கையெழுத்து ஆன பிறகு கேட்டால் பதில் சொல்ல அவருக்குக் கடமை இல்லை.